கஸ்தூரியின் கண்ணாடிச் சிமிழைத் துடைத்த விவரம்

அருப்புக்கோட்டை
21-8-1974

மரியாதைக்குரிய அத்தான் சௌந்தரபாண்டியன் அவர்களுக்கு, மைத்துனன் காசிராஜன் வணங்கி எழுதுவது. இங்கே வீடும் நூல் கடையும் நலம். பரளச்சியில் தாங்களும் அக்காளும் நலமாயிருக்க வேண்டும். பருத்திக்கு ஒரு மழையாவது விழுந்ததா, தெரிவிக்கவும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி நம் கஸ்தூரியைக் கூட்டிவரத் தாங்கள் உத்தரவிட்டபடி, திங்கட்கிழமை மதுரைக்கு பஸ் ஏறினேன். கஸ்தூரி ஆராய்ச்சி செய்யும் அறை ஒரே இருட்டு. நுழைந்ததுமே ஸ்டூலில் முட்டிக்கொண்டேன். அப்படியே அரை மணி நேரம் உட்காரச் சொன்னது. உட்கார்ந்திருக்கலாம். பக்கத்து மேசையில் விரல் நீளத்தில் நாலு கண்ணாடிச் சிமிழ் ஈரத்தோடு கவிழ்த்து வைத்திருந்தது. பிள்ளை தனியாகப் பாடுபடுகிறதே என்று, தோளில் கிடந்த வெளுத்த துண்டால் நாலையும் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டேன். அதுக்கப்புறம் நடந்ததை எப்படி எழுத அத்தான். அந்தச் சிமிழ்ல கரைசலை ஊத்தி வெளிச்சத்தை அளக்குற ஒரு மெசின்ல வப்பாக, அதுல ஒரு பேனா தானா தாள்ல மலை மாதிரி கோடு போடும். அன்னைக்கு அது ஒரே ஏத்தமா ஏறி, தாளோட விளிம்புல முட்டி நின்னுருச்சு. கஸ்தூரியும் அவுக வாத்தியாரம்மா கோகிலாம்பாளும் கரைசலை மாத்துறாக, விளக்கை மாத்துறாக, மத்தியானச் சாப்பாடும் போச்சு. நாலு மணிக்குத்தான் நான் துடைச்சதைச் சொன்னேன். துண்டை வாங்கி ஊதா விளக்குக்குக் கீழ வச்சாக. நிலா மாதிரி எரியுது. துணி வெள்ளையாத் தெரியச் சலவையில ஒரு பொடி போடுறாகளாம், அதுக்கு அந்தக் குணமாம், அது சிமிழ்ல ஒட்டித்தான் கோடு அப்படி ஏறுச்சாம். நான் தலையைத் தொங்கப் போட்டேன். கஸ்தூரி ஒரு சுடுசொல் சொல்லல. நாலு சிமிழையும் திரும்பக் கழுவிக்கிட்டே விவரம் சொல்லுச்சு.

ரத்தத்துல புரதம்னு ஒன்னு இருக்காம். ஆபரேசன்ல பிளாஸ்டிக் குழாய் வழியா ரத்தம் போகையில, அந்தப் புரதம் குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கிடுமாம். அதுமேல ரத்தம் கட்டிப்போச்சுன்னா உசுருக்கே ஆபத்து. புரதத்துமேல கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை விட்டா, அது வேற ஒரு வெளிச்சத்தைத் திருப்பிக் குடுக்கும். புரதம் கரைச்ச தண்ணியில பிளாஸ்டிக்கைப் போட்டு எடுத்தா அந்த வெளிச்சம் குறையுது. குறைஞ்சதெல்லாம் பிளாஸ்டிக்ல போய் ஒட்டுனது. நான் பாக்கப் பாக்க மலை சின்னதா ஆச்சு அத்தான். ஒட்டுனதை எவனும் கண்ணால பாக்கமுடியாது, நம்ம பிள்ளை இவ்வளவுன்னு அளந்து சொல்லுது. முப்பது வருசமா நூலோட நயம் பாத்த கண்ணு என்னுது. எனக்கே மெய் சிலுத்துருச்சு.

பத்து வகைப் பிளாஸ்டிக்ல ஏழு முடிஞ்சிருக்கு, நடுவுல விட்டா கரைச்சு வச்சது கெட்டு மறுபடி முதல்லருந்து செய்யணும்னு வாத்தியாரம்மா சொன்னாக. கஸ்தூரி என்னைப் பாக்காமலே, "அப்பா சொன்னா வாரேன் மாமா"ன்னுச்சு.

ஆகவே தங்கள் சொல்படி அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸில் அதை அழைத்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்கு ஆகவேண்டியதைத் தாங்கள் பார்த்துக்கொள்ளவும். அக்காளுக்கு என் அன்பு. சிறுசுகளுக்கு என் ஆசி.

தங்கள் மைத்துனன்,
காசிராஜன்

பின்குறிப்பு: வியாழக்கிழமை கூட்டி வர்றதா மேலே எழுதுனது நடக்காது. எழுதி முடிச்சுக் கவரை ஒட்ட மனசு வராம, பாளையம்பட்டிக்குப் போய் மாப்பிள்ளை வீட்டுல தை மாசத்துக்கு மேல பாத்துக்கிடுவோம்னு நானே சொல்லிட்டு வந்துட்டேன். மாப்பிள்ளையோட தகப்பனார் முகம் சுளிச்சாரு. மாப்பிள்ளைதான் வாசல் வரைக்கும் வந்து, அவுக ஆராய்ச்சியை முடிக்கட்டும்னாரு. கோபம் என் மேலயே இருக்கட்டும். கஸ்தூரிக்கு இது தெரியாது, ஊருக்கு வரத் துணிமணி எடுத்து வச்சிட்டு இருக்கும். நான் சொன்னா மாமா கெஞ்சி வாங்குனதுன்னு நினைக்கும். அதனால, வேலையை முடிச்சிட்டு வான்னு நீங்களே ஒரு தந்தி அடிச்சிருங்க அத்தான். அது உங்க வாயால வந்ததாவே இருக்கட்டும்.