இடது காலை வீசி நடந்த திருடர்

நான் செய்தது தப்புதான். ஒரு நல்ல மனிதரைப் பத்துப் பேர் முன்னால் திருடர் என்று சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்; இன்னொரு முறை கேட்கவும் தயார். ஆனால், நடையை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அதை அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். வயது இருபத்தைந்து, கழுத்தில் விசில், தலையில் கனம். நாள் முழுக்கப் பிள்ளைகள் ஓடுவதையும் நடப்பதையும் பார்த்துப் பார்த்து, முகம் தெரியாமலே ஆளைச் சொல்லப் பழகியிருந்தேன். கணக்கு மிஸ் குதிகாலைத் தரையில் வைக்கவே மாட்டார். தாளாளர் வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நிதானமாக வருவார். எட்டாம் வகுப்பில் இரட்டையர் இருவர். பெற்ற தாயே பெயரை மாற்றிக் கூப்பிடுவார், நான் மாற்றியதில்லை. இருமலை வைத்தும் சொல்வேன், செருப்புச் சத்தத்தை வைத்தும் சொல்வேன். (ஸ்டாஃப் ரூமில் என்னைக் கதவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, உள்ளே வருவது யார் என்று கேட்டு விளையாடுவார்கள். என்னைக் கெடுத்ததே அந்தக் கைதட்டல்தான்.)

அன்று காலையிலிருந்தே மழை. மதிய மணி அடித்ததும், ஸ்கூட்டரிலேயே விட்டுவந்த டிபன் பையை எடுக்கப் போனேன். காம்பவுண்டுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில்தான் வண்டிகளை நிறுத்துவோம். எல்லாருடைய வண்டியும் இருந்தது. என்னுடையது மட்டும் இல்லை. வாங்கி நான்கே மாதம்!

தாளாளர் அறைக்கு ஓடினேன். என் அலறலைக் கேட்டுப் பாதிப் பள்ளி பின்னால் வந்தது. சிசிடிவி பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். ஓர் உருவம், தக்காளிப் பெட்டிகளை மூடும் நீலத் தார்ப்பாயை உடம்பில் சுற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் மாட்டியிருந்த என் ஹெல்மெட்டை எடுத்து மழைக்குத் தலையில் மாட்டிக்கொண்டது. சாவியைப் போட்டது. ஸ்டார்ட் செய்யாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது. (சாவி எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். “கள்ளச்சாவி” என்று நானே பதில் சொன்னேன்.)

“மறுபடி போடுங்க” என்றேன். மூன்று முறை பார்த்தேன். இடது முழங்காலை மடக்காமல், காலைப் பக்கவாட்டில் வீசி, பாதத்தை இழுத்து வைக்கிற நடை.

“சார், சந்தேகமே இல்ல. இது நம்ம வேன் டிரைவர் சின்னசாமி அண்ணன்.”

நான் அத்தோடு விட்டேனா? வருடக்கணக்கில் கிளட்ச் மிதித்த இடது கால் எப்படி வெளிப்பக்கம் போகும் என்று விளக்கினேன். போதாததற்கு, தாளாளர் மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவே அப்படியே நடந்தும் காட்டினேன். “அச்சு அசல்” என்றார் கணக்கு மிஸ்.

சின்னசாமி அண்ணனைக் கூப்பிட்டார்கள். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நா இல்லீங்க சார். வேன் பக்கத்துலயேதான் இருந்தன்.”

“யாராவது பாத்தாங்களா?” என்றார் தாளாளர்.

“மழையில யாருங்க பாப்பாங்க?” அவர் குரல் இறங்கிவிட்டது. “ஆறு வருசமா புள்ளைங்கள ஏத்திட்டுப் போறன். திருடன்னு பேரு வந்துட்டா எந்தத் தாய் நம்பி எங்கிட்ட புள்ளைய வுடுவாங்க? நல்லா பாத்துச் சொல்லுங்க மிஸ்.”

“நல்லா பாத்துட்டேண்ணா” என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

போலீசுக்குச் சொல்லலாம் என்று முடிவானது. எங்கள் பள்ளியில் நாலு மணி வரை ஆசிரியர்களின் ஃபோன்கள் ஆபீஸ் டிராயரில்தான் கிடக்கும். வண்டிப் புத்தகத்தின் படம் வேண்டும் என்று என் ஃபோனை எடுத்துத் தந்தார்கள். அதில் அப்பாவின் வாய்ஸ் மெசேஜ் ஒன்று காத்திருந்தது. பதற்றத்தில் விரல் பட்டு, அது அறை முழுக்கக் கேட்கிற சத்தத்தில் பேச ஆரம்பித்தது.

“பாப்பா, மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டாந்தன். உன் வண்டி பின்டயரு சப்பையாக் கெடந்துச்சி. எங்கிட்டதான் இன்னொரு சாவி இருக்குதே, பஞ்சர் போடத் தள்ளிட்டுப் போறன். பள்ளிக்கூடம் வுடறதுக்குள்ள கொண்டாந்துட்றன். தேடாத. உன் சோத்துப் பையும் இதுலதான் கெடக்குது.”

சின்னசாமி அண்ணன்தான் முதலில் பேசினார்.

“ஊரு சனம் நடையெல்லாம் தெரியுது. பெத்த அப்பன் நடை தெரியலீங்களா மிஸ்?”

அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம். “இல்லண்ணா! இது எங்கப்பா நடையே இல்ல. எங்கப்பா இப்படி நடக்கவே மாட்டார்” என்றேன். தாளாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் கைகூப்பி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“எங்கிட்ட மட்டும் சொன்னா போதாதுங்க. இந்நேரம் வெளிய பேச்சு பரவியிருக்கும்” என்றார் அவர். நியாயம்தான். மறுநாள் காலை வழிபாட்டில், மொத்தப் பள்ளிக்கும் முன்னால் மைக்கில் சொன்னேன்: “சின்னசாமி அண்ணன் மேல நான் சொன்ன பழி பொய். தப்பு என்னோடது.” எட்டாம் வகுப்பு இரட்டையர்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

ஆனால் அதற்கு முன்பே, அன்று மாலையே, இன்னொன்று நடந்தது. மூன்றே முக்காலுக்கு அப்பா வண்டியோடு வந்தார். நான் கேட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வண்டியை நிறுத்திவிட்டு நான்கு எட்டு வைத்தார். இடது முழங்கால் மடங்கவில்லை. கால் பக்கவாட்டில் வீசியது.

“அப்பா, காலுக்கு என்னாச்சு?”

திடுக்கிட்டுவிட்டார். “ஒண்ணுமில்ல கண்ணு. தோட்டத்துல சொட்டுநீர்ப் பைப்பு தடுக்கி வுழுந்துட்டன். பத்து நாளாச்சி.”

“பத்து நாளா? என் கண்ணுல படவே இல்லியே!”

“நீதான் நடையிலயே புடிச்சிடுவியே. அதான் நீ வூட்ல இருக்கறப்ப நா எந்திரிக்கறதே இல்ல.”

எனக்கு அழுவதா, எகிறுவதா என்று தெரியவில்லை. பத்து நாட்களாக அவர் நாற்காலியிலேயே கிடந்து, “பாப்பா, தண்ணி கொண்டா” என்றதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று திட்டியிருந்தேன். பஞ்சர் ஒட்டிய அதே வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு நேராகத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. இன்னும் நாள் கடத்தியிருந்தால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். ஆறு வாரம் காலுக்குப் பட்டை.

இப்போது நீங்களே சொல்லுங்கள். அது எங்கப்பா நடை இல்லை என்றேனே, தப்பா? சொன்ன பெயர்தான் தப்பு. பார்த்த கால் தப்பில்லை. இதைச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்பதில்லை. அப்பா தோட்டத்திலிருந்து வந்தால், “யாரு, வேன் டிரைவருங்களா?” என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். “ஆமாங்க, சோறு போடுங்க, ட்ரிப்புக்கு நேரமாச்சி” என்பார் அப்பா. சின்னசாமி அண்ணனோ என்னைக் கண்டால் வேண்டுமென்றே ஒரு நாள் நொண்டுவார், ஒரு நாள் குதிகாலில் நடப்பார். (கழுத்தை முன்னால் நீட்டுவதை மட்டும் அவரால் மறைக்க முடியாது.)

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, காபி குடித்து முடித்த மாப்பிள்ளையிடம் அம்மா சொன்னார்: “தம்பி, வாசல் வரைக்கும் ஒருக்கா நடந்து காமிச்சிடுங்க. இல்லன்னா நாளைக்கு உங்களையே யாருன்னு கேட்டாலும் கேப்பா.”

மொத்த வீடும் சிரித்தது. பாவம், அவரும் எழுந்து நடந்தார். நான் தலை குனியவில்லை. நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இன்று அவரைத் தார்ப்பாயில் சுற்றி ஆயிரம் பேர் நடுவே நடக்கவிடுங்கள், காட்டுகிறேன். யார் வேண்டுமானாலும் பந்தயத்துக்கு வரலாம்.