பிக்கப் வண்டியும் முப்பத்திரண்டாவது கேள்வியும்

எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பது என் பிறவிக் குணம். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் மடியில் கூடை இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு இறங்க மனம் வராது. (இதனாலேயே ஒருமுறை இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கியிருக்கிறேன். கூடையில் இருந்தது சலவைக்குப் போன துணி.) அப்படிப்பட்ட நான், கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டு ஊர் சிரிக்க நின்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் வீட்டுக்காரரும் கிணத்துக்கடவில் ஜெனரேட்டர் வாடகைத் தொழில் தொடங்கியிருந்தோம். தோட்டத்துக் கல்யாணம், கோயில் நோம்பி, திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். ஜெனரேட்டர் இரண்டு சக்கர டிரெய்லர் மேல் இருக்கும். அதை மாமனாரின் டிராக்டர் இழுத்துக்கொண்டு போகும். ஒரு கல்யாணத்தன்று டிராக்டர் உழவுக்குப் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தியின் இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமனாருக்கு இந்தத் தொழில் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. மகன் பழையபடி மில் வேலைக்கே போக வேண்டும் என்பது அவர் ஆசை. "இன்னொரு கல்யாணத்துல இப்படி ஆச்சுன்னா ஜெனரேட்டர வித்துப்போட்டு மில்லுக்குக் கிளம்ப வேண்டியதுதான்" என்று கெடு வைத்தார். அடுத்த கல்யாணம் மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றில். போகிற வழியில் ஒரு மணல் பள்ளம் உண்டு. மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் முழங்கால் ஆழம் மணல்.

"நாலு சக்கரமும் இழுக்கற பிக்கப் ஒண்ணு வாங்கிடலாமுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். பழைய வண்டி போதும், தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டேன். அவர் அதிகம் பேசாதவர். "சரி அம்மணி" என்றார்.

கோயமுத்தூரில் ஒரு பட்டறை விடாமல் ஏறி இறங்கினேன். சாதாரண வண்டியில் பின் சக்கரம் மட்டும் உந்தும். இதில் இரண்டாவதாக ஒரு கியர் குச்சி இருக்கிறது, அதைத் தள்ளினால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. எப்படி இழுக்கும்? குச்சிக்குக் கீழே என்ன இருக்கிறது? கடைசியில் என் தலையைக் கண்டதும் மெக்கானிக்குகள் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதற்குள் என் நோட்டில் நாற்பது கேள்விகள் சேர்ந்துவிட்டன.

அவிநாசிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வண்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு நானும் வீட்டுக்காரரும் போனோம். வண்டிக்காரர் நாற்பது வயது மனிதர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நோட்டைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்.

"கேளுங்க அம்மணி."

கேட்டேன். இன்ஜின் எப்போது பிரித்தது, ரேடியேட்டர் ஒழுகுமா, டிரெய்லர் கொக்கி எந்தப் பட்டறையில் வைத்தது. எல்லாவற்றுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னார். நடுவில் இரண்டு முறை, "அம்மணி, அந்த நாலு சக்கர சமாச்சாரத்துல ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"இருங்க, அது வரிசையில வரும்" என்று அடக்கினேன். அவரும் பொறுமையாக வரிசைக்குக் காத்திருந்தார்.

முப்பத்தோராவது கேள்வி முடிந்து மோர் வந்தது. செம்பை நீட்டிக்கொண்டே அவர் கேட்டார். "அம்மணி பொறந்தது எந்தக் கூட்டமுங்க?"

சொன்னேன். மனிதர் துள்ளிவிட்டார். "அட, நாங்களும் அதே கூட்டந்தான்! அப்ப நீ எனக்குத் தங்கச்சியாச்சே கண்ணு!"

எங்கள் பக்கத்தில் கூட்டம் என்பது குலம்; ஒரே கூட்டம் என்றால் முன்பின் பார்த்திராதவரும் அண்ணன் தம்பிதான். 'வாங்க போங்க' அந்த நொடியில் 'வா போ' ஆயிற்று. அவர் மனைவி, இப்போது என் அண்ணி, வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் நோட்டை மூடினேன். கூடப் பிறந்தவரைப் போன்றவரிடம் குறுக்கு விசாரணை செய்வதா? அரிசியும் பருப்பும் சாதம் சாப்பிட்டோம், யார் யாருக்கு என்ன முறை என்று பேசினோம், வண்டியை எடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது அண்ணன் ஓடி வந்தார்.

"அம்மணி, வண்டியப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடறேன்..."

"அண்ணா! சொந்தத்துக்குள்ள என்னங்க விளக்கம்? உங்க வண்டிய நான் நம்பாம யாரு நம்பறது?" என்றேன். எவ்வளவு பெருந்தன்மை! அவர் வாயை மூடிக்கொண்டு கையாட்டினார்.

கல்யாணத்தன்று மத்தியானம், மாமனார் டிராக்டரைத் துடைத்துத் தயாராக நிறுத்தியிருந்தார். நான் ஜெனரேட்டர் டிரெய்லரைப் பிக்கப்பின் பின்னால் மாட்டிவிட்டு, ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தபடி, "வேண்டாமுங்க மாமா, இனிமே டிராக்டருக்கு ஓய்வு குடுங்க" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே.

பள்ளத்தில் இறங்கியதும் இரண்டாவது குச்சியைத் தள்ளினேன். 'டக்' என்று அருமையாக விழுந்தது. வண்டி பத்தடி போய் நின்றது. இன்னும் மிதித்தேன். பின்பக்கம் மணல் பறந்தது.

இறங்கிப் பார்த்த வீட்டுக்காரர், "அம்மணி, பின் சக்கரம் மட்டுந்தான் சுத்துது. முன்னால சும்மா நிக்குது" என்றார்.

"நல்லாப் பாருங்க. நாலும் சுத்தும்."

"சரி அம்மணி" என்று மறுபடியும் பார்த்தார். நான் மறுபடியும் மிதித்தேன். பின் சக்கரம் அச்சு வரை புதைந்தது. அதற்குள் கல்யாணத்துக்கு வந்த பத்துப் பதினைந்து பேர் கரையில் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வீட்டுக்காரர் மணலில் படுத்து உள்ளே தவழ்ந்தார்.

"அம்மணி" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "பின் சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட்டு போகுது. முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டு எங்க?"

இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்புத் தண்டுதான் ஷாஃப்ட். முன்பக்கத்துத் தண்டு இல்லாவிட்டால் குச்சியைத் தள்ளுவது வெறும் பொழுதுபோக்கு. சீட்டில் கிடந்த நோட்டைத் திறந்தேன். முப்பத்திரண்டாவது கேள்வி, என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு: 'கீழே படுத்துப் பார்க்கவும். இரண்டு ஷாஃப்ட்டும் இருக்கிறதா?'

தொழில் போயிற்று, வீட்டுக்காரருக்கு மில் சங்குதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் கரையில் நின்ற ஒருவருடைய மொபெட்டின் பின்னால் தொற்றிக்கொண்டு அப்பாவைக் கூப்பிடப் போனார்.

மாமனார் டிராக்டரோடு வந்தார். சங்கிலியை மாட்டி இழுத்தார். முன்னால் டிராக்டர், நடுவில் பிக்கப்புக்குள் தலை குனிந்தபடி நான், பின்னால் ஜெனரேட்டர் என்று பந்தலுக்குள் நுழைந்தோம். மாப்பிள்ளை அழைப்பு என்று நினைத்து மேளக்காரர்கள் வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் எல்லா விளக்கும் எரிந்தது. மாமனார் அண்ணாந்து ஒவ்வொரு குழல்விளக்காகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "வெளக்கு எரிஞ்சுது. தொழில நடத்துங்க. ஆனா இனிமே சக்கரம் வெச்ச சாமான் எது வாங்கறதுன்னாலும் நாம்போய்ப் பாக்கறன்" என்றார். அதன்பிறகு எங்கள் வீட்டில் குழந்தைக்கு நடைவண்டி வாங்கியதுகூட அவர்தான்.

மறுநாள் சண்டை போடுவதற்கென்றே அவிநாசிக்குப் போனேன். அண்ணன் கோணிச் சாக்கில் சுற்றிய ஷாஃப்ட்டை, எண்ணெய் தடவிப் பளபளவென்று எடுத்து வந்தார்.

"ரோட்டுல ஓட்டறதுக்கு எதுக்குன்னு டீசல் மிச்சம் புடிக்கக் கழட்டி வெச்சிருந்தேன் கண்ணு. மூணு தடவை சொல்ல வந்தேன். நீ எங்க உட்ட?"

அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. மகள் பிறந்து காது குத்தியபோது அவர்தான் தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டார். அவளுக்கு அவர் இன்றைக்கும் 'ஷாஃப்ட் மாமா'தான்.

போன வருஷம் அவள் கல்யாணம். அவளை அனுப்புகிற நேரம், மண்டப வாசலில் மாப்பிள்ளையின் கார் பூ அலங்காரத்தோடு நின்றது. எழுபதைத் தொடப்போகும் அண்ணன் துண்டைத் தரையில் விரித்தார். பட்டு வேட்டியோடு படுத்தார். செல்போன் வெளிச்சத்தை அடித்து காருக்கு அடியில் தலையை விட்டார். மாப்பிள்ளை வீட்டார் பதறி ஓடி வந்தார்கள். அவர் நிதானமாக எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எல்லாம் இருக்குதுங்க சம்பந்தி. இனிப் புள்ளைய அனுப்பலாம்."