எட்டு விசில் கல்யாணம்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையாவது தட்டிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்தால் நம் மக்களுக்குத் தானாகவே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அந்த மரியாதையை வைத்து நான் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலில் நாலு மாதம் இடியப்பம் சாப்பிட்டிருக்கிறேன். (சொதியோடு.) பதிலுக்கு நான் செய்த உபகாரம், ஒரு தகப்பனை அவருடைய ஒரே மகளின் கல்யாணத்தன்று பிரஷர் குக்கரைப் பார்க்க வைத்தது.

அப்போது நான் இருபத்து மூன்று வயதுப் பெண். கோவில்பட்டியிலிருந்து நெட்வொர்க் மேற்படிப்புக்காகப் பாரிஸ் வந்து, அங்கே ஸ்டாலின்கிராட் என்ற பகுதியில் மேரி என்ற புதுச்சேரிப் பெண்ணோடு ஒரே அறையில் குடியிருந்தேன். விசா புதுப்பிக்கப் புகைப்படம் எடுக்கப் போன இடத்தில்தான் தவம் அண்ணை பழக்கமானார். லா ஷப்பேலின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கல்யாண வீடியோக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். அன்று அவர் கடையின் இணையதளம் திறக்கவில்லை. நான் மடிக்கணினியைத் திறந்து இரண்டு கட்டளை தட்டி, "தளத்தோட பேரைப் புதுப்பிக்காம விட்டுட்டீங்கண்ணே, அதான்" என்றேன்.

"பிள்ளை, நீர் கொம்பியூட்டருக்கு டொக்டரோ?" என்று கேட்டார் அண்ணை.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்து வைத்தேன்.

டிஎன்எஸ் என்றால் என்னவென்று அவருக்கு நான் விளக்கிய விதம் இது. இணையத்தில் ஒவ்வொரு தளமும் ஓர் எண்ணில் குடியிருக்கிறது. நமக்குத் தெரிந்தது பெயர் மட்டும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்ல ஒரு சர்வர் வேண்டும். லா ஷப்பேல் மெட்ரோ வாசலில் நின்று மீன்கடை எங்கே என்று கேட்டால் யாராவது சொல்வார்கள் இல்லையா, அதுபோல. சொல்கிறவர் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டா வருகிறார்? நினைவிலிருந்துதான் சொல்கிறார். கடை போன வாரமே இடம் மாறியிருந்தாலும் பழைய இடத்துக்குத்தான் கையைக் காட்டுவார். அந்த நினைவு எத்தனை வினாடி செல்லும் என்பதைப் பெயருக்குச் சொந்தக்காரர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்.

இவ்வளவு தெளிவாக விளக்கியவள், தன் விஷயத்தில் அதையே மறந்தாள்.

எனக்கு அந்த நாட்களில் 'டிக்' என்ற கட்டளைமேல் பைத்தியம். ஒரு பெயரைக் கொடுத்தால், அது எங்கே இருக்கிறது, யார் சொன்னது, அந்தப் பதிலுக்கு இன்னும் எத்தனை வினாடி ஆயுள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடும். பார்க்கும் பெயரையெல்லாம் அதனிடம் கேட்பேன். தெருவில் கண்ட பேக்கரி, பல் டாக்டர், என்னை வேலைக்கு வேண்டாமென்ற கம்பெனி என்று ஒன்றையும் விட்டதில்லை. (கம்பெனியின் சர்வரில் ஒரு பிழை கண்டுபிடித்துத் தனியாகச் சிரித்தேன்.) இந்த ஆர்வத்தில் தவம் அண்ணையின் தளத்துக்கு நானே சொந்தமாக ஒரு டிஎன்எஸ் சர்வர் நிறுவிக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. பதில்களின் ஆயுளை ஏழு நாள் என்று வைத்தேன். உலகத்தின் ஞாபகசக்தி பலமாக இருக்கட்டும் என்று ஒரு நல்லெண்ணம்தான்.

அப்போதுதான் சுஜியின் கல்யாணம் வந்தது. சுஜி தவம் அண்ணையின் அக்கா மகள். சின்ன வயதிலேயே மாமாவிடம் வந்து வளர்ந்து, தபால் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் இருந்த அப்பா அம்மா இருவரும் விசா கேட்டார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது, அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரு பொத்தான் ஃபோனும், மருமகன் முறைப் பையன் ஒருவன் தந்துவிட்டுப் போன டாப்லெட்டும். அதில் ஒரே ஒரு படத்தைத் தொட்டால் நேராக அண்ணையின் தளம் திறக்கும். வேறெதுவும் அவருக்குத் தெரியாது.

"அத்தான் கலியாணத்தை அதிலைதான் பாக்கப்போறார். உம்மை நம்பித்தான் பிள்ளை" என்றார் தவம் அண்ணை.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. என் அறையில் இருந்த பழைய கணினியில்தான் அண்ணையின் தளம் குடியிருந்தது. அதில் ஒரு கேமராவை மாட்டினேன். என் முகத்தைக் காட்டக் கூச்சமாக இருந்ததால் அடுப்பின் மேலிருந்த குக்கரைக் காட்டினேன். யாழ்ப்பாணத்திலிருந்து சுஜியின் அப்பா ஃபோனில் கூவினார்: "ஓம் பிள்ளை, தெரியுது! குக்கர் நல்ல வடிவாத் தெரியுது!"

என் அறை இணைப்பு நூறு பேர் பார்ப்பதைத் தாங்காது. அதனால் கல்யாணத்துக்கு வாடகை சர்வர் ஒன்று தயாராக இருந்தது. பெயரைப் பழைய எண்ணிலிருந்து அந்தப் புது எண்ணுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அன்றே செய்துவிடலாம் என்றேன். அண்ணை விடவில்லை.

"புது இடத்துக்குப் போறதெண்டால் நேரம் பாக்காமல் போறதோ? ஞாயிறு காலமை ஏழரைக்கு நல்ல நேரம். அப்ப மாத்தும்."

ஞாயிறு காலை, பாரிஸுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில் கல்யாண மண்டபம். அண்ணை என் மடிக்கணினியின் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் எண்ணை மாற்றினேன். கையோடு ஏழு நாள் ஆயுளை ஐந்து நிமிடமாகக் குறைத்தேன். கோப்பைச் சரிபார்க்கும் கட்டளையைத் தட்டினேன், 'ஓகே' என்றது. சர்வரை மறுபடி படிக்கச் சொல்லும் கட்டளையை ஏழு முப்பத்திரண்டுக்குத் தட்டினேன். அண்ணை கைகூப்பினார். பிறகு 'டிக்' போட்டு என் சர்வரிடமே கேட்டேன். புது எண்ணைச் சொன்னது.

(என் சர்வரிடம் கேட்டால் என் சர்வர் சரியாகத்தானே சொல்லும்! பரீட்சைத் தாளை நானே எழுதி நானே திருத்தியிருக்கிறேன்.)

லண்டன், கனடா சொந்தங்களெல்லாம் அன்றுதான் முதன்முறையாகத் தளத்தைத் திறந்தார்கள். எல்லோருக்கும் மணவறை தெரிந்தது. வாழ்த்துகள் குவிந்தன. நான் கால்மேல் கால் போட்டு வடை சாப்பிட்டேன்.

பதினொன்று பத்துக்கு மணமகள் கூறைச்சேலை மாற்ற உள்ளே போனாள். சேலை மாற்றி வந்ததும் தாலி. முகூர்த்தம் பதினொன்று ஐம்பதோடு முடிகிறது. அந்த இடைவெளியில் சுஜியின் அம்மா தன் ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"இவர் உம்மோடைதான் கதைக்கோணுமாம்."

"பிள்ளை, குறை நினைக்காதையுங்கோ" என்றார் அப்பா. "உங்கடை குக்கர் எட்டு விசில் அடிச்சிட்டுது. அடுப்படியிலை ஒருத்தரையும் காணேல்லை."

"எந்தக் குக்கர், அங்கிள்?"

"வெள்ளிக்கிழமை காட்டினீங்களே, அதுதான்."

"நீங்க கல்யாணம் பார்க்கலையா?"

"இன்னும் துவங்கேல்லை எண்டெல்லோ நினைச்சன். துவங்கினதும் படம் மாறும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

வடையைத் தட்டிலேயே வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த மனிதர் வேட்டி கட்டி, தனியாக உட்கார்ந்து, என் குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கணினியையும் கேமராவையும் நான் அணைக்கவே இல்லை.

முதலில் மேரிக்கு அடித்தேன். கடலையைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவள், நாலாவது முறைதான் எடுத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து நேரடி வர்ணனை வந்தது: "ஒரு பிள்ளை ஓடி வாறா… தலையிலை துவாய்… ஆ, நிப்பாட்டிட்டா. இனிப் பயமில்லை."

அவருக்குப் பயமில்லை. எனக்குத்தான் பயம். நடைபாதையில் தரையில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் பதில் சொல்லும் பொது சர்வர் ஒன்றிடம் 'டிக்' போட்டேன். பழைய எண். பக்கத்தில் மீதி ஆயுள்: நாலு லட்சத்துச் சொச்சம் வினாடி. மறுபடி கேட்டேன், ஆறு வினாடி குறைந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. நான் ஆயுளைக் குறைத்தது அன்று காலையில்தான். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் பதில் வாங்கிப் போனவர்களெல்லாம் ஏழு நாள் சீட்டோடு போயிருக்கிறார்கள். அப்பாவின் இணைய நிறுவனமும் அதில் ஒன்று.

இந்த இடத்தில் நியாயமான மனிதர்களுக்குப் பதற்றம் வரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. இன்னொரு சர்வரைக் கேட்டால் என்ன சொல்லும்? அது புது எண் சொன்னது. மூன்றாவது? பழையது, ஆனால் மீதி வினாடி வேறு. அடடா, இது ஏன் இப்படி? கல்யாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் அட்டவணை போட ஆரம்பித்தேன். எத்தனை நிமிடம் போனதென்று தெரியாது. தலைக்கு மேலே தவம் அண்ணையின் குரல் கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம் பிள்ளை?"

"அஞ்சு நாள்ணே."

"அஞ்சு நாளோ! இன்னும் அரை மணித்தியாலத்திலை தாலி கட்டோணும்!"

நினைவைத் துடைக்கும் கட்டளையைத் தட்டினேன். அது துடைத்தது என் சர்வரின் நினைவை மட்டும். மறுபடி தட்டினேன், இன்னும் சுத்தமாகத் துடைத்தது. புது எண்ணை அப்பாவிடம் ஃபோனில் சொல்லிப் பார்த்தேன். "அதை எங்கை பிள்ளை அடிக்கிறது? எனக்கு இந்தப் படத்தைத் தொட மட்டும்தான் தெரியும்" என்றார்.

அதற்குள் விஷயம் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு பெண்கள் கூறைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருக்க, சுஜி என்னைப் பார்த்தாள்.

"அப்பா பாக்காமல் நான் வெளியிலை வரமாட்டன், அக்கா."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அமைதியாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே டிஎன்எஸ் விளக்கினேன். (பரிதாபம், கல்யாணப் பெண்ணுக்கு!) புது இடம் போனது தெரியாமல் எல்லோரும் பழைய இடத்துக்கே வருகிறார்கள், யாருடைய நினைவையும் இங்கிருந்து மாற்ற முடியாது என்றேன்.

சுஜி புருவத்தைச் சுருக்கினாள். "பழைய வீடு ஆற்றை?"

"என்னோடதுதான்."

"அப்ப ஏன் அழுறீங்கள்? ஆக்கள் வீடு மாறினால் நாங்கள் ஒவ்வொருத்தருக்குமே போய்ச் சொல்லுறம்? பழைய அத்ரெஸ்ஸுக்கு வாற கூரியேயை, அந்தக் கடிதங்களைப் புது அத்ரெஸ்ஸுக்குத் திருப்பிவிடுவம். அப்பிடிச் செய்யேலாதோ?"

கணினியில் அதற்கு வேண்டியது ஒரு வரிதான். ஒரே ஒரு வரி. முதல் நிமிடத்திலேயே தோன்றியிருக்க வேண்டிய ஒரே ஒரு வரி. மேற்படிப்புக்கு வந்தவள் நான். தபால் நிலையக் கவுண்டரில் தினமும் அதைச் செய்கிறவள் சுஜி.

அங்கேயே, பூக்கூடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஸ்டாலின்கிராட் அறையில் இருந்த கணினிக்குள் தூரத்திலிருந்தே நுழைந்தேன். இங்கே வருகிற எல்லோரையும் இந்த எண்ணுக்கு அனுப்பு என்று எழுதினேன். மணி பதினொன்று நாற்பத்தொன்று. ஃபோனை எடுத்தேன்.

"அங்கிள், அந்தப் பக்கத்தை ஒரு தடவை மூடிட்டுத் திறங்க."

"மூடினால் இதுவும் போயிடுமே பிள்ளை" என்றார்.

"போகாது அங்கிள். என்னை நம்புங்க."

நம்பத் துளிக் காரணம் இல்லை. இருந்தும் மூடினார். சுஜி கதவருகே நின்றாள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். தவம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மணவறை… மணவறை தெரியுது… எங்கை சுஜி?"

ஃபோனை அப்படியே சுஜியின் காதில் வைத்தேன். அவள் "இந்தா வாறன் அப்பா" என்று சொல்லிவிட்டு, கூறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினாள். தாலி பதினொன்று நாற்பத்தெட்டுக்கு ஏறியது.

இதெல்லாம் நடந்து பல வருடமாகிறது. எனக்கு இப்போது இதுவே தொழில். எதையாவது மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே ஆயுளைக் குறைத்துவிடுகிறேன், மாற்றியபின் என்னைத் தவிர எல்லோரிடமும் கேட்கிறேன். மேரி இன்னும் என்னை முழுதாக மன்னிக்கவில்லை. வேலை முடிந்தது என்று நான் எங்கே வாய் திறந்தாலும் தவம் அண்ணை கேட்பது ஒன்றுதான்: "எத்தினை விசில் பிள்ளை?"

சுஜிக்குக் குழந்தை பிறந்தபோது அப்பாவுக்கு ஒருவழியாக விசா கிடைத்தது. வந்த மூன்றாம் நாளே என் வீட்டுக்கு அழைத்துவரச் சொல்லி வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேரே சமையலறைக்குப் போய் அடுப்பின் மேல் இருந்ததைப் பார்த்து, "ஓம், இதுதான்" என்றார்.

பல வருடமாக மனதில் அரித்ததைக் கேட்டுவிட்டேன். "ஒரு மணி நேரம் குக்கரையேவா பார்த்தீங்க, அங்கிள்? கோபம் வரலையா?"

"என்னத்துக்குக் கோவம்? அண்டைக்குப் பிரான்சிலை எனக்குத் தெரிஞ்சது அது ஒண்டுதானே. பிள்ளை அதுக்குக் கிட்ட எங்கையோதான் நிற்கிறாள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டு அடுப்பை மூட்டினேன். அவர் பக்கத்திலேயே நின்று எண்ணினார். மூன்றாவது விசிலுக்கு, என்னை விலக்கிவிட்டு, தானே கை நீட்டி அடுப்பை அணைத்தார்.

"அண்டைக்கு இதைத்தான் செய்யேலாமப் போச்சுது" என்றார்.