மாப்பிள்ளைக்கு அடியில் ஓர் அம்பிளிபயர்

ஏ.எல். எனும் உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் பையன் ஒருவன் வீட்டில் இருப்பதே ஆபத்து. அவன் கையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலும் இருந்தால் அந்த வீட்டை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும். எண்பதுகளில் கல்முனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டும் வாய்த்திருந்தன. (வாப்பா பாவம்.)

ஒருநாள் மாமா வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் காரில் பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஒரு ஜப்பான் அம்பிளிபயர் கிடந்தது. சவூதியிலிருந்து வந்த யாரிடமோ மாமா பழசாக வாங்கியது.

“எரிஞ்சி பெய்த்து மகன். அது என்னெண்டா…” என்று மாமா தொடங்கினார்.

“ஒண்டும் சொல்லாதீங்க மாமா. எனக்குத் தெரியும்.”

எனக்கு என்ன தெரியும் என்பது எனக்கே தெரியாது. ஆனாலும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு பாடப் புத்தகத்தைத் தொட்டவன் இல்லை. கருகிப்போன ட்ரான்சிஸ்டர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, வாப்பாவின் ரேடியோவிலிருந்து நல்லவற்றைப் பிடுங்கிப் போட்டேன். (வாப்பா அன்றிலிருந்து செய்தியைப் பக்கத்து வீட்டு வேலியோரம் நின்று கேட்டார்.) வெடித்திருந்த ஃபியூஸுக்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. விஞ்ஞானிகள் இதற்கெல்லாம் கலங்குவார்களா? தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்தேன். பழைய பற்றரியில் கொடுத்துப் பார்த்தால் வீடே அதிர்ந்தது. உம்மா மட்டும், “படிப்பில இந்தச் சத்தம் கேக்கல்லயே” என்றார்.

அந்த மாதமே என் அக்கா, ராத்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் மாவடிப்பள்ளி. அவர்கள் வீட்டார் எதிலும் குறை கண்டுபிடிப்பதில் பட்டம் பெற்றவர்கள். ஊர்வலத்தில் சிறு பிசகு நேர்ந்தாலும் ஆயுளுக்கும் ராத்தாதான் குத்துப்பேச்சுக் கேட்க வேண்டும். எனவே குடும்ப மானத்தைக் காக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். (யாரும் தரவில்லை.)

மாப்பிள்ளையை அழைத்துவரப் போனது மாமாவின் பழைய இங்கிலீஷ் கார். அன்று காலை அம்பிளிபயரைப் பின் ஆசனத்துக்கு அடியில், காரின் இரும்போடு சேர்த்து முறுக்கிப் பூட்டினேன். பூமாலை கட்டுவதில் மும்முரமாக இருந்த மாமா அதைக் கவனிக்கவில்லை. வயல்வெளிக்கு வந்ததும் பைத் பாடல் கசட்டைப் போட்டு எல்லோரையும் அசத்துவது திட்டம்.

மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் வயல்வெளி வந்தது. சுவிச்சைப் போட்டேன். “டொக்” என்று ஒரு சத்தம். பிறகு அமைதி.

“மச்சான், சீற் சுடுகுது” என்றார் மாப்பிள்ளை.

“வெயில்ல நிண்ட கார் மச்சான், அப்படித்தான்.”

“இல்ல மச்சான், புகையும் வருகுது.”

தலைப்பாகைக்கு மேலே கறுப்புப் புகை எழுந்தது. எல்லோரும் நாலு கதவாலும் பாய்ந்தார்கள். மாப்பிள்ளை பாய்ந்த பக்கத்தில் வாய்க்கால் இருந்தது. வெள்ளை உடுப்பு முழங்கால்வரை சேறு.

பொனட்டைத் திறந்து பற்றரி வயரை இழுத்தெடுத்தபோதுதான் கண்டேன். ஜப்பான் சாமான்கள் மைனஸ் கம்பியைக் காரின் உடம்போடு சேர்ப்பவை. இந்தக் கிழட்டு இங்கிலீஷ் காரோ பிளஸ் கம்பியைத் தன் உடம்போடு சேர்த்திருந்தது. எல்லாம் தலைகீழ். இடையில் உருகித் தடுத்திருக்க வேண்டிய ஃபியூஸின் இடத்தில் என் செம்புக் கம்பி சிங்கம் மாதிரி நின்றது. உருகியது காரின் வயர்கள்தான்.

ஆசனத்துக்கு அடியில் குனிந்து பார்த்த மாமா, “இத ஏன்டா திரும்ப இதுக்குள்ள வெச்ச? போன தரமும் இப்பிடித்தான் புகைஞ்சிச்சி” என்றார்.

“இதே கார்லயா மாமா?”

“மறுகா வேற எதுல? என்னட்ட எத்தின கார் இரிக்கி?”

“அத ஏன் சொல்லல்ல?”

“எங்க நீ சொல்ல உட்ட?”

கார் இனி அசையாது. அந்த வழியாக வந்த உழவு மெசினை மறித்து, அதன் பின்னால் இழுபட்ட வைக்கோல் ஒட்டிய பெட்டியில் மாப்பிள்ளையையும் அவருடைய வாப்பாவையும் ஏற்றினோம். என் அம்பிளிபயரால் தர முடியாத சத்தத்தை அந்த மெசின் குறைவின்றித் தந்தது. கல்முனைத் தெரு முழுக்க வாசலுக்கு வந்தது. குரவையிடக் காத்திருந்த பெண்கள் பெட்டியைப் பார்த்ததும் வாயைத் திறந்தார்கள், குரவை வரவில்லை.

பெண்ணின் தம்பி வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும் என்பது எங்கள் வழமை. மற்றவர்கள் பெயருக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். எனக்கு மூன்று வாளி தேவைப்பட்டது.

மாப்பிள்ளையின் வாப்பா முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் போய்விடுவார்களோ என்று பயந்து நான் காலை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கதவிடுக்கால் ராத்தாவின் கண் தெரிந்தது. அதில் என்னைக் கொல்லும் உத்தேசம் தெளிவாக இருந்தது.

மாப்பிள்ளை குனிந்து என் விரலில் மோதிரத்தைப் போட்டார். “மச்சான், இதையும் உருக்கி எதிலயாவது ஒட்டிராத” என்றார். முதலில் சிரித்தது அவருடைய வாப்பாதான். அதன் பிறகே குரவை கேட்டது.

மச்சானுக்கு இப்போது தாடி நரைத்துவிட்டது. ராத்தாவுக்கு மட்டும் அந்தப் புகை இன்னும் அடங்கவில்லை. வீட்டில் காற்றாடி நின்றாலும், மிக்சி சத்தமிட்டாலும், பேரப்பிள்ளையின் பொம்மைக் கார் ஓடாவிட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்:

“தம்பி இதத் தொட்டானா?”