கச்சேரி மேஜையில் ஒரு மண்கால்

இரண்டு கால்களையும் இரண்டு தேசங்களில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து வாழ்ந்த மனிதர் ஒருவரைத்தான் இந்த உலகத்தில் நான் பார்த்திருக்கிறேன். அவருடைய வலது கால் திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டோரம் இருந்தது. இடது கால் பஸ்ராவில் இருந்தது. அதை நஷ்டம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் தம்பியைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்.

"அவனுக்கென்னுங்க, பேரீச்ச மரத்தடியில நெழலாப் படுத்துக் கெடக்கறான். ரெண்டு பேரு வேலையும் இங்க நாந்தான் பாக்க வேண்டியிருக்குது."

முதல் உலகச் சண்டையில் பட்டாளத்தோடு அரபு தேசத்துப் பஸ்ராவுக்குக் கப்பலேறிப் போய், குண்டடி பட்டு, காலை அங்கேயே வெட்டிப் போட்டுவிட்டுத் திரும்பியவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஊருக்கு மறந்துவிட்டது. பஸ்ராக்காரர் என்றால் கைக்குழந்தையும் கை காட்டும்.

நான் அப்போது தாலுகா கச்சேரிக்கு, அதாவது தாசில்தார் ஆபீசுக்கு, எதிரே ஒரு காப்பி கிளப்பில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கினேன். அதற்கும் முன்பு என்னென்னவோ. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். எந்த ஊரும் எனக்கு ஒட்டவில்லை. பஸ்ராக்காரர் தம் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார். வாடகை கிடையாது. சர்க்காரிலிருந்து வரும் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு மலிவாக இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். எத்தனை காகிதம் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சித்திரை வெயிலிலும் காக்கிக் கோட்டைக் கழற்ற மாட்டார். சேலம் பஸ் போனால் கவைக்கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சலாம் வைப்பார். திரும்பி வரும் பஸ்ஸுக்கு வைக்க மாட்டார். "போறவனுக்குத்தான் சலாம். வாரவன் நமக்கு வெக்கோணும்" என்பார். கல்யாணமானவர்கள் காலில் விழ வந்தால் அவசரமாகத் தடுத்துவிடுவார்.

"வேண்டாஞ் சாமி. இந்தக் காலைத் தொட்டாப் பாதி ஆசீர்வாதந்தான் கெடைக்கும். மீதி பஸ்ராவுல இருக்குது. அங்க ஒருக்காப் போயி வாங்கிக்குங்க."

புதுப்பெண்கள் சிரிப்பார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்க மாட்டார். அக்கா என்றுதான் அவரை நான் கூப்பிடுவேன். பண்ணையத்தில் மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்று நீர் இறைத்த மனிதர் ஒற்றைக் காலோடு வந்தபின், கடலைக் காட்டில் கூலிக்குப் போய் அக்காதான் இரண்டு வயிற்றையும் பார்த்துக்கொண்டார். அவருக்கு இடுப்பில் வலி. குனிந்தால் நிமிர நேரமாகும். பென்ஷன் வந்தால் அக்கா காட்டுக்குப் போக வேண்டாம். பஸ்ராக்காரர் இந்த உலகத்தில் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

கால் போனவருக்குப் பென்ஷன் என்றால், கால் இல்லை என்று காட்டினால் போதும் என்றுதானே நீங்கள் நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் தடவை அவரோடு கச்சேரிக்குப் போனபோது குமாஸ்தா காகிதத்தைப் புரட்டினார். பட்டாளத்தில் சேர்ந்த அன்று எழுதிய அங்க அடையாளம் அதில் இருந்தது.

"இடது கணுக்காலில் தழும்பு. எங்கே, காட்டு" என்றார்.

பஸ்ராக்காரர் குனிந்து, இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்தார்.

"அது அவங்கிட்டத்தானுங்க இருக்குது. சின்னப்போ ஏர்க்கொழு கிழிச்சதுங்க."

"எவனிடம்?"

"பஸ்ராவுல இருக்கறவங்கிட்டங்க."

"அடையாளம் இல்லாமல் நீதான் அந்த ஆள் என்று எப்படி நம்புவது?"

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். குமாஸ்தா விளையாடவில்லை. 'அடையாளம் காணப்படவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி மேலே அனுப்பினார். அதுவரை இந்தப் பென்ஷன் மனு எத்தனை ஊருக்குப் போய் வந்ததோ, எனக்கு ஊர்ப்பெயரைப் படித்தே நாக்கு வறண்டது. மனுஷன் போகாத ஊருக்கெல்லாம் அவர் மனு போய் வந்திருந்தது.

கடைசியில் சேலத்துக்கே வரச் சொன்னார்கள். போனோம். அங்கே பட்டாளத்துத் துரை ஒருவர் நாற்காலியில் இருந்தார். பஸ்ராக்காரர் கவைக்கட்டையைக் கீழே போட்டுவிட்டு, ஒற்றைக் காலில் விறைத்து நின்று ஒரு சலாம் அடித்தார் பாருங்கள், விழப்போகிறார் என்று நான் கையை நீட்டினேன். அவர் அசையவில்லை. துரை எழுந்து பதில் சலாம் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பென்ஷன் வந்தது. அக்கா கடலைக் காட்டுக்குப் போவதை நிறுத்தினார். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது.

மாரியம்மனுக்கு மண்ணுரு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கை வலி தீர்ந்தவன் குயவரிடம் மண்ணில் கை செய்து வாங்கி வைப்பான். கால் நோவு தீர்ந்தவன் கால் வைப்பான். கோயில் ஓரத்தில் கையும் காலுமாகக் குவிந்து கிடக்கும். வைத்தபின் அது அம்மனுடைய பொருள். எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் வீட்டில் அம்மை வார்த்துவிடும் என்று பயந்து ஒருவரும் தொட மாட்டார்கள். பஸ்ராக்காரர், பென்ஷன் வந்தால் ஒரு கால் வைக்கிறேன் என்று வேண்டியிருந்தார்.

"காலு போனதுக்குத்தான பணம் வருது? அப்பக் காலுதான வெக்கோணும்?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சாதாரணமாக மண்கால் சாண் நீளம் இருக்கும். இவர் முழுக்கால் கேட்டார். அதுவும் இடது கால். குயவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, விரல் விரலாகத் திருத்தம் சொன்னார். "சுண்டு வெரலு இத்தனை லட்சணமா இருக்காதுங்க. கொஞ்சம் கோணையா வையுங்க." கணுக்காலில் ஏர்க்கொழு கிழித்த தழும்பையும் ஈர மண்ணில் தம் நகத்தாலேயே கீறினார். கால் சூளையிலிருந்து வெந்து வந்ததும், ஊருக்குப் போனவன் திரும்பி வந்ததுபோல் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

பண்டிகையன்று மேளம் முன்னே போக, தரையில் ஒரு கால், தோளில் ஒரு காலாகப் பஸ்ராக்காரர் கோயிலுக்குப் போனார். பெண்கள் குலவையிட்டார்கள். கும்பலில் ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் இருந்தார். பக்திமான். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் பென்ஷன் வரவில்லை. காகிதம் வந்தது. நான் எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்தேன். நம்ப முடியாமல் இன்னொரு தடவை படித்தேன். தேக ஊனத்தில் மாறுதல் உண்டா என்று வருஷா வருஷம் மேலிடம் கேட்கும். அதற்கு இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் அனுப்பியிருந்தார். மனுதாரர் தம் கால் குணமானதற்காகப் பொதுஜனங்கள் முன்னிலையில் அம்மனுக்கு உரு செலுத்தினார், நான் நேரில் பார்த்தேன் என்று.

அக்கா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பஸ்ராக்காரர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வா தம்பி" என்றார்.

இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றோம்.

"ஏனுங்க எசமாங்க, நான் இப்ப எத்தனை காலுல நிக்கறனுங்க?"

"ஒரு காலில்தான் நிற்கிறாய். எனக்குக் கண் தெரியாதா?"

"அப்பறம் குணமாச்சுன்னு எழுதிட்டீங்களே."

"குணமானவன்தானே உரு வைப்பான்? நீ வைத்தாய். நான் பார்த்தேன். அம்மன் சன்னதியில் பார்த்ததை இல்லை என்று எழுத எனக்குத் தைரியம் இல்லையப்பா. வேண்டுமானால், அம்மன் குணப்படுத்தவில்லை என்று பூசாரியிடம் எழுதி வாங்கிக்கொண்டு வா. சேர்த்து அனுப்புகிறேன்."

அவர் முகத்தில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதைக் கண்டுதான் நான் அதிகம் பயந்தேன். கெட்ட எண்ணம் இருந்தால் காப்பி வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டலாம்.

பூசாரி நாங்கள் சொன்னதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஆத்தாளுக்குச் சத்தியில்லீன்னு என்ற கையால எழுதறதா? நீ குண்டடி பட்டவன், உனக்குப் பயமில்ல. நான் புள்ளகுட்டிக்காரன்."

"சத்தியில்லீன்னு எழுத வேண்டாஞ் சாமி. எங்காலு மேல கை வெக்கிலீன்னு மட்டும் எழுதுங்க."

"வெச்சாளோ வெக்கலியோ, அது உனக்கும் ஆத்தாளுக்கும். எனக்குத் தெரியாது, போ."

அக்கா மறுபடி கடலைக் காட்டுக்குப் போனார். சாயங்காலம் வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். கம்மங்கூழ் ஒருவேளையாயிற்று. கட்டியிருந்த ஆடு ஒருநாள் காணோம், சந்தைக்குப் போய்விட்டது. பஸ்ராக்காரர் பஸ்ஸுக்குச் சலாம் வைப்பதை நிறுத்தினார். அக்கா ஒருநாள் வாசலில் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே நின்றார். இவர் கவைக்கட்டையோடு எழுந்து போய்த் தூக்கப் பார்த்து, இரண்டு பேரும் விழுந்தார்கள். நான் ஓடிப் போய்த் தூக்கிவிட்டேன்.

மறுநாள் உச்சிவெயிலில் அவர் கோயிலுக்குப் போனார். கும்பிடத்தான் போகிறார் என்று நானும் கூடப் போனேன். அம்மன் முன்னால் நின்று, பக்கத்து வீட்டில் உலக்கை கேட்கும் குரலில் பேசினார்.

"ஆத்தா, நீ குடுத்ததை அவங்க புடுங்கிட்டாங்க. நான் குடுத்ததைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன். வேலை முடிஞ்சதும் கொண்டாந்துர்றேன்."

குவியலில் கைவிட்டுத் தம் மண்காலை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ரோட்டில் எதிரே வந்தவர்கள் சாக்கடைப் பக்கம் இறங்கி வழிவிட்டார்கள். நானும் கொஞ்சம் தள்ளித்தான் நடந்தேன்.

கச்சேரியில் யாரும் தடுக்கவில்லை. நேரே தாசில்தார் அறைக்குள் போனார். தாசில்தார் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ராக்காரர் மண்காலை மேஜையின் நடுவில் நிற்க வைத்தார். மைக்கூடு சாய்ந்து, மை குதிகாலடியில் ஓடியது.

"ஆத்தா குடுத்த காலுங்க, எசமாங்க. கணுக்காலுல அடையாளத் தழும்பு இருக்குது, பாத்துக்குங்க. இதை மாட்டிட்டு நடக்கறது எப்படீன்னு சர்க்காரே சொல்லிக் குடுத்தா நான் நடந்தே ஊட்டுக்குப் போயிர்றனுங்க. பென்ஷன் வேண்டாமுங்க."

சலாம் வைத்துவிட்டு வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார்.

"இதை எடு" என்றார் தாசில்தார், டவாலிச் சேவகனிடம்.

சேவகன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "எங்கூட்டுல கொழந்தைங்க இருக்குதுங்க எசமாங்க. வேலையை வேண்ணா எடுத்துக்குங்க."

குமாஸ்தாவைக் கூப்பிட்டார். குமாஸ்தா, தம் மனைவி முழுகாமல் இருப்பதைத் தெரிவித்தார். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அங்கேயே நின்றார். தாசில்தார் தாமே எடுக்கலாமென்று கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. அவருக்கும் வீட்டில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

காலுக்கு அடியில் அன்றைய காகிதங்கள் முழுவதும் இருந்தன. ஒன்றையும் உருவ முடியவில்லை. கச்சேரி நின்றுபோயிற்று. நிலவரிக் கிஸ்தி கட்ட வந்தவர்களெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து, கால் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒரு கிழவி கற்பூரம் கொளுத்தலாமா என்று சேவகனைக் கேட்டாள். எங்கள் கிளப்பில் அன்று காப்பி போட்டு மாளவில்லை.

பொழுது சாய்வதற்குள் இன்ஸ்பெக்டர் வராந்தாவுக்கு வந்தார்.

"அப்பா, எடுத்துக்கொண்டு போயேன்."

"மாட்டிக்கத் தெரியிலீங்களே, சாமி."

"உனக்குக் கால் இல்லை என்று எழுதிவிடுகிறேன்."

"எழுதுங்க. தம்பி படிச்சுக் காட்டட்டும்."

எழுதினார்கள். நான் சத்தமாகப் படித்தேன். மனுதாரருக்கு இடது கால் இல்லை, இனியும் வளர வாய்ப்பில்லை என்று இருந்தது. பஸ்ராக்காரர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் காலை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கோயிலைப் பார்த்துக் கிளம்பினார். தாசில்தார் மூச்சு விட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

பென்ஷன் மறுபடி வந்தது. விட்டுப்போன மாதங்களுக்கு வரவில்லை. அதைக் கேட்டால் வேறு ஏதாவது குணமாகிவிடும் என்று நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வருஷமும் அதே கேள்வி வந்தது. மாறுதல் உண்டா? பஸ்ராக்காரர் அம்மனிடம் சொல்லிவிட்டுக் காலோடு கிளம்பினார். அவர் ரோட்டில் வருவது தெரிந்ததுமே குமாஸ்தா எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் படியேறுவதற்குள் மை உலர்ந்திருந்தது.

அப்புறம் எனக்கு அந்த ஊரும் ஒட்டாமல் போயிற்று. கிளம்பிய அன்று நான் ஏறிய பஸ்ஸுக்கு அவர் சலாம் வைத்தார்.

இரண்டாவது சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு லாரியில் அந்த வழியாக வந்தேன். பஸ்ராக்காரர் போய்விட்டிருந்தார். அக்கா என்னை அடையாளம் கண்டு கூழ் கரைத்துக் கொடுத்தார்.

"செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்தாச்சு, தம்பி. இன்னும் காயிதம் வருது. நீ ஒருக்காப் படி."

படித்தேன். காலில் மாறுதல் உண்டா என்று கேட்டிருந்தது.

லாரிக்காரர் அவசரப்படுத்தினார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். மண்ணுருக்களில் பாதி உடைந்து கிடந்தன. முழுக்கால் ஒன்று மட்டும் கூரையடியில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. சுண்டு விரல் கோணல். கணுக்காலில் கீறல். குதிகாலில் கச்சேரி மை ஊறிக் கறுத்திருந்தது. அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் குனிந்து, அந்தக் காலைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். மீதிப் பாதி ஆசீர்வாதம் வாங்க நான் பஸ்ரா வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை.