பாதி மாப்பிள்ளை

கண் விழித்தபோது கலங்கரை விளக்கம் அவருக்குப் பின்னால் இருந்தது. முன்னால் இருந்திருக்க வேண்டும்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. லைட் ஹவுஸுக்கு முன்னாடியே எழுப்பச் சொன்னேனே?"

"எழுப்பினேன் சார்," என்றார் ஐஸ் வண்டி ஓட்டுநர். "அஞ்சு நிமிஷம்மா, பல்லு விளக்கிட்டேன்னு சொன்னீங்க. எனக்கு மனசு கேக்கல."

மருந்துக்கடைக்காரரான அவர் இறங்கினார். வண்டியின் பின்புறம் மீன் பெட்டிகளுக்கும் ஐஸ் கட்டிகளுக்கும் நடுவே படுத்திருந்த சைக்கிளை இருவருமாக இறக்கினார்கள். கைப்பிடி விறைத்துப்போய் இருந்தது.

கடலோரமாகவே பல நாள் ஓட்டி வந்த சைக்கிள் பயணம் அந்தக் கலங்கரை விளக்கத்தில் முடியும் கடைசி நாள் அது. குழுவில் தினமும் கடைசியாக வந்து சேர்பவர் அவர்தான். இன்றைக்காவது யாரும் தனக்காகக் காத்து நிற்கக் கூடாது என்று, மற்றவர்கள் எழுவதற்கு முன்பே தனியாகக் கிளம்பிவிட்டார். போன் முந்தின நாளே சார்ஜ் தீர்ந்து உயிரை விட்டிருந்தது. எதிர்க்காற்று அடித்த அடியில் முழங்கால் இரண்டும் கெஞ்சின. அந்த நேரம் பார்த்து ஐஸ் வண்டி அருகில் வந்து நின்றது. கொஞ்ச தூரம் மட்டும் என்றுதான் ஏறினார்.

வீட்டில் அவருக்குப் பெயரே பாதி மாப்பிள்ளை. வைத்தது மனைவியின் அண்ணன். பாதி கற்ற கீபோர்டு அலமாரி மேல் இருந்தது. பாதி பெயிண்ட் அடித்த வாசல் கேட் ஒரு பக்கம் பச்சையும் ஒரு பக்கம் துருவுமாக நின்றது. அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். கடைசிப் பரீட்சையை எழுதாமல் கல்லூரியை விட்டு வந்த மகளிடம் அவர் பேசப்போனபோது, அவள் கேட்டைத்தான் காட்டினாள். பிறகு, "நீங்க ஏதாவது ஒண்ணை முழுசா முடிங்கப்பா. நானும் போய் எழுதிடறேன்" என்றாள்.

அதற்காகத்தான் இந்தச் சைக்கிள்.

திரும்பி மிதித்தார். இப்போது காற்று முதுகில் இருந்ததால் சைக்கிள் தானாகவே ஓடியது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. திருப்பத்தில் கலங்கரை விளக்கத்தின் வாசல் தெரிந்தது. மனைவி, கையில் அட்டையோடு மகள், போனைத் தூக்கிப் பிடித்தபடி மைத்துனர். மூவரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் வர வேண்டிய திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பக்கத்திலிருந்து போய் நின்றால் என்ன சொல்வது? சட்டென்று மணலில் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கடற்கரை வழியாக அவர்களைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட முடிவு செய்தார்.

பாதி வழியில் ஓர் அலை வந்து அவரைச் சைக்கிளோடு உட்கார வைத்தது. எழுந்தார். போகட்டும், வியர்த்த மாதிரியாவது இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

சரியான திசையிலிருந்து, நாக்கு தள்ள மிதித்து வந்து நின்றார். கைதட்டினார்கள். குழுவினர் எல்லாரும் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார்கள். ஆனால் ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் அவரைக் கிண்டல் செய்யும் பல் டாக்டர், படிய வாரிய தலையோடு தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

'தெரிந்துவிட்டது. ஐஸ் வண்டியில் பார்த்திருக்கிறார்கள்' என்று நினைத்ததும் அவருக்குக் காது மடல் வரை சுட்டது.

"என்னங்க இப்படி நனைஞ்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"வேர்வை."

மைத்துனர் அவர் தோளிலிருந்து எதையோ உரித்து எடுத்தார். "வேர்வையில பாசி வருமா மாப்பிளே?"

"கடலோர ரோடு இல்லையா மச்சான். அலை மேல வந்து அடிக்குது."

"சரி, சைக்கிள் ஏன் ஜில்லுன்னு இருக்கு?"

"காத்து."

"ஹெல்மெட்ல மீன் செதில் ஒட்டியிருக்கே?"

"அது... பெரிய அலை."

"மீனும் சேர்ந்து வந்ததாக்கும்," என்றார் மைத்துனர்.

"அண்ணா, சும்மா இரு. களைச்சு வந்திருக்கார்," என்று மனைவி தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். அந்த அன்புதான் அவரை இன்னும் குறுக வைத்தது.

குழுத் தலைவர் பதக்கத்தோடு வந்தார். ஏனோ அவரும் தரையைப் பார்த்தே பேசினார். "காத்து ரொம்ப கடுமை. எப்படியோ எல்லாரும் வந்து சேர்ந்துட்டோம். சார், நீங்கதான் ரெண்டு வார்த்தை பேசணும்."

மகள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். 'முழு அப்பா' என்று எழுதியிருந்தது.

"நான் பரீட்சைக்குப் பணம் கட்டிட்டேன்பா," என்றாள் மெதுவாக. "நேத்தே. நீங்க முடிச்சிடுவீங்கன்னு தெரியும்."

பதக்கம் கழுத்துக்கு அருகே வந்துவிட்டது. அவர் அதைக் கையால் தடுத்தார்.

"வேண்டாம் சார். நான் ஓட்டல. ஐஸ் வண்டியில வந்தேன். தூங்கிட்டேன், அது இந்த இடத்தையும் தாண்டிப் போயிடுச்சு. அந்தப் பக்கத்துலேர்ந்து மணல்ல திருட்டுத்தனமா சுத்தி வந்தேன். நீங்க எல்லாரும் அந்தக் காத்துல உயிரைக் குடுத்து மிதிச்சு வந்திருக்கீங்க. உங்க பக்கத்துல நிக்கவே எனக்குக் கூசுது."

பல் டாக்டருக்கு இருமல் வந்தது. குழுத் தலைவர் பதக்கத்தைத் தன் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார், அழுக்கே இல்லாத பதக்கத்தை.

மைத்துனர் வாயைத் திறந்தார். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

மகள் அட்டையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் பேனாவை எடுத்து 'முழு' என்பதை அடித்துவிட்டு, 'முக்கால்' என்று எழுதினாள்.

"பரீட்சை எழுதறேன்பா. இத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கறது அதைவிடக் கஷ்டம். ஆனா வீட்டுக்குப் போனதும் அந்த கேட்டுக்கு மீதி பெயிண்ட் அடிக்கணும்."

"நாளைக்கே," என்றார். கண்ணில் உப்புக் கரித்தது. கடல் தண்ணீர் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை.

அப்போது குழுவின் பெட்டி படுக்கைகளை ஏற்றி வரும் பஸ்ஸின் ஓட்டுநர், கலங்கரை விளக்கத்துக்குப் பின்னாலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அட, இங்கேயா சார் இருக்கீங்க? காத்து ஜாஸ்தின்னு காலையிலேயே எல்லாரும் பஸ்ல ஏறிட்டாங்க, உங்களுக்கும் ஒரு ஜன்னல் சீட் போட்டு வெச்சு வழியெல்லாம் தேடிக்கிட்டே வந்தேனே!"