விமானம் இறங்கும் நிலம் விற்பனைக்கு

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சான் தினேஷுக்கு,

பூந்தமல்லிக்கு மேற்கே இருந்து உன் மாமா லோகநாதன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் காஞ்சிபுரத்தில் நீ புதிதாக எழுப்பிய மாடியும் அதன்மேல் வைத்த தக்காளிச் செடிகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம். கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதினேன், நம்பிவிடாதே. இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் உன் அக்கா சாமுண்டீஸ்வரி பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். வாட்ஸப்பில் போட்டால் எனக்கு எப்போதும் கைதவறிக் குடும்பக் குழுவில்தான் விழும். அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். மூன்று ஏக்கரையும் விற்றுவிடுகிறேன். ஆறு வருஷமாக நீ சொல்லி நான் கேட்காததை, ஆகாயத்திலிருந்து வந்தவர்கள் இரண்டே மாதத்தில் கேட்க வைத்துவிட்டார்கள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அறுவடை முடிந்து வெறும் நெல்தாள் நிற்கிறது, எருமை பொம்மி மேய்கிறாள், நான் பம்புசெட் நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மண்ணூர்பேட்டைக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் லேத் சத்தத்தில் நின்றவன் நான். சத்தமே இல்லாமல் எதுவும் வரும் என்று எனக்குத் தெரியாது. திடீரென்று தலைக்கு மேலே உஸ்ஸென்று ஒரு காற்று, வெள்ளைவெளேரென்று ஒரு விமானம், நீ கட்டிய வீட்டைவிட நீளமான இரண்டு றெக்கை, அப்படியே தாள்மேல் உட்கார்ந்து, சறுக்கிக்கொண்டே வந்து, பொம்மிக்கு இருபதடி முன்னால் நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. மேலே கண்ணாடியைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினாள். தொப்பியைக் கழற்றினாள், பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டையை எடுத்தாள், அதைப் பார்த்துப் படித்தாள்.

“ஐயா, வணக்கம். உங்க அனுமதி இல்லாம உங்க நிலத்துல இறங்கினதுக்கு மன்னிச்சுக்கோங்க. உங்க பயிருக்கும் கால்நடைக்கும் ஏதாவது சேதம் ஆயிருந்தா...”

“அது கெடக்கட்டும்மா, வண்டிக்கு இன்னா ஆச்சு? இஞ்சின் புட்டுக்கிச்சா?”

“இதுல இஞ்சினே கெடையாது ஐயா. கிளைடர்.”

“இஞ்சினே இல்லாததுல இன்னாத்துக்கும்மா ஏறுன?”

அந்தக் கேள்விக்கு அட்டையில் பதில் இல்லை போலிருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவள் பெயர் ஃபெபி. மேனாம்பேட்டுப் பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திருவள்ளூருக்கு அந்தண்டை இவர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறதாம். பட்டம் விடுவதுபோல இந்த விமானத்தைக் கம்பியில் கட்டி இழுத்து மேலே விட்டுவிடுவார்களாம். அப்புறம் பருந்து மாதிரி சூடான காற்றைத் தேடித் தேடிச் சுற்றுவார்களாம். காற்று கிடைத்தால் கிளப்புக்கே திரும்பிப் போவார்கள். கிடைக்காவிட்டால் என் நிலத்துக்கு. டிராக்டர் ஓட வசதியாக இருக்குமே என்று நடுவரப்பை எல்லாம் போன வருஷம் எடுத்தேன் பார், அது இவர்களுக்காக எடுத்ததுபோல ஆகிவிட்டது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பொம்மி றெக்கை நுனியில் கழுத்தை வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். ஃபெபி “ஐயோ, ஐயோ” என்று கத்துகிறாள், ஆனால் மாட்டைத் தொடப் பயம். பக்கத்து நிலத்துச் சுலைமான் பாய் வேடிக்கை பார்க்க ஓடிவந்தார், அவர் பின்னால் அவருடைய ஆடுகளும் ஓடிவந்தன, அதில் ஒரு கிடா வால்மேல் ஏறி நின்று அங்கேயே வேலையை முடித்துக்கொண்டது. பாய் அதைத் தன் துண்டால் துடைத்து, “தப்பா எடுத்துக்காதம்மா, அதுக்கு ஒசரமான எடத்தப் பாத்தா அப்டித்தான்” என்று ஆட்டுக்காக மன்னிப்புக் கேட்டார். சாயங்காலம் ஃபெபியின் அப்பா பால்ராஜ் விமானத்தின் றெக்கையைக் கழற்றி ஏற்றிப்போக முப்பதடி நீளத்தில் வெள்ளைப் பெட்டி வண்டி ஒன்றைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர், கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. பெட்டியையும் அவரையும் சேர்த்துப் பார்த்த தெருச் சனம், எங்கள் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நாலு பேர் மாலையோடு வந்துவிட்டார்கள். நான் வாசலில் உயிரோடு நின்று ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினேன். ஒருவர் மாலையைத் திருப்பி எடுத்துப்போக மனசில்லாமல் பொம்மிக்குப் போட்டுவிட்டுப் போனார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் ரோஹித் என்று ஒருவன் இறங்கினான். அதே அட்டை, அதே வணக்கம், ஆனால் படிக்கும்போது கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொம்மியின் கயிற்றை அவிழ்த்து, அந்த விமானத்தை பம்புசெட் தூணோடு கட்டிப்போட்டுவிட்டு, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன், நல்ல மனிதர்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். அங்கிருந்த ரைட்டர் பேனாவைத் திறந்து, “இஞ்சின் நம்பர் சொல்லுங்க” என்றார்.

“இஞ்சின் இல்லீங்க.”

“அப்ப அது வண்டியே இல்லியே பெர்சு. யார்னா அடிபட்டாங்களா?”

“இல்லீங்க.”

“எதுனா திருடு போச்சா?”

“இல்லீங்க. வந்துதான் கீது.”

அவர் பேனாவை மூடிவிட்டார். “போன பொருளுக்கு கேஸ் போடலாம். வந்த பொருளுக்கு நான் இன்னான்னு போடறது?” என்றார்.

நான் திரும்பி வந்து பார்த்தால், ரோஹித் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உன் அக்கா கையால் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கயிறு இல்லாத பொம்மி றெக்கை நிழலில் போய்ப் படுத்துவிட்டாள். அவளை எழுப்பினால்தான் றெக்கையைக் கழற்றிப் பெட்டியில் ஏற்ற முடியும். நான் அதட்டிப் பார்த்தேன், ரோஹித் இங்கிலீஷில் கெஞ்சிப் பார்த்தான், சுலைமான் பாய் வாலை முறுக்கிப் பார்த்தார். நாலு மணி நேரம். வெயில் தாழ்ந்த பிறகு அவளாக எழுந்து, அவளாகப் போனாள். அன்றிலிருந்து மேலே பருந்து பறந்தாலும் இவள் கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பால் கறக்க விடுவதில்லை.

உன் அக்கா கதையைக் கேள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலிருந்து தெரிவதில்லை என ஃபெபி ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான். மறுநாள் விடிந்து பார்த்தால், நம் பெண் திவ்யா கல்யாணத்துக்கு நான் கட்டிய பட்டுக்கரை வேட்டி மூங்கில் கழியில் ஏறி பம்புசெட் மேல் பறக்கிறது. என்ன கட்சி ஆரம்பித்திருக்கிறேன் என்று இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். ஒருவர் பதவி கேட்டார். இறக்கு என்றால், “அந்தப் பொண்ணு கால ஒடச்சிக்கினா நீ பாப்பியா? வேட்டிதான போச்சு, நீ இன்னா தெனமும் பொண்ண கட்டிக் குடுக்கப் போறியா?” என்கிறாள். இவளுக்கு முழங்கால் வலி என்று நான் தைலம் தேய்த்துவிட்ட காலம் போய், விமானம் தெரிந்தால் எனக்கு முன்னால் வரப்பில் ஓடுகிறாள்.

ஆறு தடவை ஆகிவிட்டது மச்சான். போன ஞாயிறு ஃபெபியிடம் கேட்டேவிட்டேன். “இவ்ளோ பெரிய ஊர்ல ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலியாம்மா?”

அவள் மோர் குடித்துக்கொண்டே சொன்னாள். “மேல இருந்து பாத்தா அம்பத்தூர், ஆவடி, காட்டுப்பாக்கம் எல்லாம் மொட்டமாடியும் தண்ணி டேங்கும்தான் ஐயா. போன வருஷம் மேப்புல எறங்குறதுக்கு ஒம்பது எடம் குறிச்சி வச்சிருந்தோம். எட்டுல வீடு வந்துடுச்சி. நீங்க விக்கலை.”

புரிகிறதா மச்சான்? குற்றவாளி நான்தான். ஊர் முழுக்கப் புத்தியோடு மனை போட்டு விற்றபோது, நான் ஒருவன் மட்டும் வீம்புக்கு வைத்திருந்தேன், அதற்கு ஆகாயம் தண்டனை கொடுக்கிறது. எனக்கும் அறுபத்து மூன்று ஆகிறது. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. பெங்களூரிலிருந்து திவ்யாவும் அதையேதான் சொல்கிறாள், “வித்துட்டு நிம்மதியா இருப்பா.” சரி, இருந்து பார்க்கிறேன். உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ கொடுத்த நம்பரில் நிலம் வாங்குகிற பார்ட்டியிடம் நானே இன்று காலை பேசி, ஆள் அனுப்பி அளந்து கல் நட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. பார்ட்டியையும் அக்ரிமென்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிடு. கையெழுத்துப் போட என் கை நடுங்காது. நடுங்கினால் அது வயசு, வேறொன்றுமில்லை.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, தரையில் நடக்கும் உத்தியோகமாகப் பார்த்துப் போகட்டும். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். பெரியவர்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
சனிக்கிழமை காலை, முழுச் சுயநினைவோடு,
உன் மாமா லோகநாதன்

பி.கு.: இன்று ஞாயிறு சாயங்காலம். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. பார்ட்டி ரொம்பச் சுறுசுறுப்பு, காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்து அளந்து, மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை வரிசையாக நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உன் அக்கா வந்து பார்த்தாள். “இன்னாய்யா இது?” என்றாள். “அளக்கறாங்க” என்றேன். மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள், அவள் சாப்பிடவில்லை.

மூன்று மணிக்கு ஃபெபி வந்தாள். காட்டுப்பாக்கம் பக்கம் ஒரு சுற்று சுற்றினாள், காற்று கிடைக்கவில்லை, நம் பக்கம் வரும்போது றெக்கை மொட்டைமாடிகளை உரசுவதுபோல அவ்வளவு தாழ்வாக இருந்தது. வேறு எங்கே போவாள்? நிலம் பூராவும் கல். உன் அக்காதான் முதலில் ஓடினாள், “கல்லு, கல்லு” என்று கத்திக்கொண்டே. நான் ஓடினேன். சுலைமான் பாய் ஆடுகளை விட்டுவிட்டு ஓடிவந்தார். காலையில் நட்ட கல், மண் இறுகவில்லை, ஆட்டி இழுத்தால் வந்துவிட்டது. கடைசிக் கல்லை நான் மார்போடு கட்டிக்கொண்டு வரப்பில் விழவும், அவள் சக்கரம் தரையைத் தொடவும் சரியாக இருந்தது. இறங்கியவள் அட்டையை எடுக்காமல் அப்படியே தாள்மேல் உட்கார்ந்துவிட்டாள். உன் அக்கா அவளைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான இந்த முப்பத்தைந்து வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவசியம் வா. தனியாக வா. ஆட்டுக்கறி எடுக்கிறேன்.

பார்ட்டியிடம் சொல், கல் எல்லாம் பத்திரமாக பம்புசெட் பக்கத்தில் அடுக்கி இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆபத்துக்குப் பாவமில்லை என்று நீ அவர்களைச் சமாதானப்படுத்தப் பார்ப்பாய், அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் இருந்த பதினொரு கல்லைத்தான் அந்தப் பெண்ணுக்காகப் பிடுங்கினோம். ஓரத்தில் இருந்த கற்கள் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. அவற்றை அவள் போன பிறகு, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக நான் பிடுங்கினேன்.